கேள், சொல், போ

றெக்சன் இரண்டு கோப்பைத் தேநீரோடு கந்தோருக்குள் நுழைந்தபோது கம்பியூட்டர் மூன்று மெசேஜ்களை அனுப்பி முடித்துவிட்டு அடுத்த வேலைக்குக் காத்திருந்தது. எப்படிப் பார்த்தாலும் இரண்டுக்கு மேல் போயிருக்கக் கூடாது.

கோப்பைகளைக் கையில் பிடித்தபடியே திரையை இன்னொரு தடவை வாசித்தான். அகஸ்ரினாவுக்கு அனுப்பப்பட்டது. பத்திநாதனுக்கு அனுப்பப்பட்டது. தாவூதுக்கு அனுப்பப்பட்டது.

"ஐயோ மாதாவே!" என்றான்.

"ஏன் தம்பி, தேத்தண்ணி சுடுதோ?" பற்றுச்சீட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே மார்த்தா அக்கா கேட்டாள்.

"அக்கா, நான் செத்தன்."

"முதல்ல தேத்தண்ணியை வச்சுப்போட்டுச் சாவன்."

தலைமன்னார் கரையில், தகரக் கூரை போட்ட அந்தக் கடற்றொழிலாளர் சங்கக் கந்தோரில் வேலை செய்தது இவர்கள் இரண்டு பேர்தான். மார்த்தா அக்கா பற்றுச்சீட்டு எழுதுவாள், ஐஸுக்குத் துண்டு கொடுப்பாள், காலையில் கந்தோரைக் கூட்டி, கம்பியூட்டரையும் ஈரத்துணியால் துடைத்து வைப்பாள். இருபது வருடம் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்துவிட்டு முந்தின வருடம்தான் ஊருக்குத் திரும்பியிருந்தாள். மற்ற வேலை எல்லாம் றெக்சனுடையது. மற்ற வேலை என்றால் அந்தக் கம்பியூட்டர்.

சண்டை முடிந்து சனங்கள் திரும்பி வந்தபோது ஒரு உதவி நிறுவனம் அதைக் கொடுத்திருந்தது. அதில் படம் கிடையாது, அம்புக்குறி கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. கட்டளையை எழுதி ஒரு பொத்தானை அமத்தினால் செய்யும். இரண்டு கிழமை வந்து படிப்பித்த வெள்ளைக்காரன் போன பிறகு, மன்னார் மாவட்டத்திலேயே இதை இயக்கத் தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்று றெக்சன் நம்பினான். கேட்காதவர்களுக்கும் சொன்னான்.

அந்தக் கம்பியூட்டர் காலை ஐந்து மணிக்குக் காற்று நிலவரத்தைப் பார்த்துச் சங்கத்து அங்கத்தவர் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் மெசேஜ் அனுப்பும். பின்னேரம், 'நாளைக்குத் தொழிலுக்குப் போவோர் 1, போகாதோர் 2 அனுப்பவும்' என்று கேட்கும். பதிலைப் பார்த்துத்தான் ஐஸ் இறக்குவார்கள். ஒன்று, இரண்டு என்று பதில் சொல்லிப் பழகி, கரையில் சில பேர் மனைவி "சோறு போடவோ?" என்று கேட்டாலும் "ஒண்டு" என்று சொல்லும் அளவுக்கு அது ஊறிப் போயிருந்தது.

"சொல்லன், என்ன நடந்தது?" என்றாள் மார்த்தா அக்கா.

றெக்சன் கதிரையில் விழுந்தான். ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சங்கத் தலைவரும் ஆறு வள்ளத்துக்குச் சொந்தக்காரருமான சம்மாட்டி பத்திநாதனின் மகள் அகஸ்ரினா, பக்கத்து முன்பள்ளியில் படிப்பித்தாள். மத்தியானத்தில் கந்தோருக்கு வந்து மார்த்தா அக்காவோடு சேர்ந்து சாப்பிடுவாள். அப்போது றெக்சன் "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்பான். சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவள் "ஓம்" என்பாள். ஒரு வருடமாக அவன் காதல் அதற்கு மேல் ஒரு அங்குலம் நகரவில்லை. இதற்கிடையில் மன்னார் டவுனில் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் தாவூது நானா, கட்டாரில் ஒரு கொம்பனி வேலையை வைத்துக்கொண்டு மூன்று மாதமாக இவனைக் கேட்டபடி இருந்தார். இன்றைக்கு நாலு மணிக்கு முன்னர் ஓமோ இல்லையோ சொல்லவேண்டும். அவள் இல்லை என்றால் இந்தக் கரையில் இருந்து அவளைத் தினமும் பார்க்க அவனால் முடியாது. கட்டார்தான்.

"அதுதான் மூண்டு மாசத்துக்கு முன்னமே கம்பியூட்டரில ஒரு வரி எழுதி வச்சனான் அக்கா. இண்டைக்குத்தான் துணிஞ்சு அமத்தினனான்."

ஒரு காகிதத்தை எடுத்து எழுதிக் காட்டினான்.

கேள் && சொல் || போ

"எனக்கு உதெல்லாம் விளங்காது தம்பி," என்றாள் மார்த்தா அக்கா. "காம்பில ஏதோ ஆறு மாசம் கம்பியூட்டர் எண்டு படிப்பிச்சவைதான். ஆருக்கு ஞாபகம்?"

"நான் விளங்கப்படுத்திறன்," என்றான் றெக்சன். சாகும் நேரத்திலும் விளங்கப்படுத்துவது அவனுக்குப் பிடிக்கும். "இதில மூண்டு வேலை இருக்கு. முதலாவது 'கேள்'. அது அகஸ்ரினாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பிப்போட்டு, அரை மணித்தியாலம் பதிலைப் பாத்துக்கொண்டிருக்கும்."

"என்னெண்டு மெசேஜ்?"

றெக்சன் மேசையைப் பார்த்தான். "'என்னைத் திருமணம் செய்யச் சம்மதம் எனில் 1, சம்மதம் இல்லை எனில் 2 அனுப்பவும்' எண்டு."

மார்த்தா அக்கா முதல் தடவையாகப் புத்தகத்தை மூடினாள். "ஐஸ் வேணுமோ எண்டு கேக்கிற மாதிரியோ?"

"சங்கத்தின்ர முறை அதுதானே அக்கா. 1 எண்டு வந்தால் அந்த வேலை சரிவந்தது எண்டு கம்பியூட்டர் எடுக்கும். வேற என்ன வந்தாலும், ஒண்டுமே வராட்டியும், பிழைச்சது எண்டு எடுக்கும். இந்தச் சோடிக் குறி இருக்கெல்லோ, &&, அது 'முன்னது சரிவந்தால் மட்டும் அடுத்ததைச் செய்' எண்டு அர்த்தம். அடுத்தது 'சொல்'. அது சம்மாட்டியாருக்கு அறிவிக்கிறது. இந்த ரண்டு நிமிர்ந்த கோடும் 'பிழைச்சால் மட்டும் செய்' எண்டு அர்த்தம். 'போ' எண்டது தாவூது நானாவுக்கு. சரிவந்தால் கலியாணம், பிழைச்சால் கட்டார். ரண்டில ஒண்டு."

"நீ ஒரு இடத்திலயும் வாயைத் திறக்கத் தேவையில்லை."

"ஓம் அக்கா! அதுதான் இதின்ர அழகு."

"அப்ப ஏன் கலியாணமும் போய்க் கட்டாரும் போனது?"

றெக்சன் திரையில் அந்த வரியைத் திறந்தான். அங்கே கிடந்தது இதுதான்:

கேள் ; சொல் ; போ

"அரைப்புள்ளி," என்றான் மெல்லிய குரலில். "ரண்டு இடத்திலயும் அரைப்புள்ளி அடிச்சிருக்கிறன். அரைப்புள்ளி எண்டால் 'முன்னது சரிவந்தாலும் பிழைச்சாலும் உனக்கென்ன, நீ பாட்டுக்கு அடுத்ததைச் செய்' எண்டு அர்த்தம்."

தன் கையை அவன் சந்தேகிக்காமல் இருக்க வழியில்லை. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் ஒருநாள் காலை மெசேஜிலும் இதே பிழையை விட்டிருந்தான். 'கடல் நல்லம், போகலாம்' என்றும், 'கடல் கூடாது, போக வேண்டாம்' என்றும் இரண்டுமே எல்லோருக்கும் போய், கரை முழுக்க ஆட்கள் ஒரு கால் வள்ளத்திலும் ஒரு கால் தண்ணீரிலுமாக ஏழு மணிவரை நின்றார்கள். அன்றைக்குச் சம்மாட்டியார் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

"சரி, அவள் என்ன பதில் அனுப்பினவள்?" என்றாள் மார்த்தா அக்கா.

பயத்தில் அதைப் பார்க்கவே மறந்திருந்தான். வந்த மெசேஜ்களைத் திறந்தான். அகஸ்ரினாவின் இலக்கத்திலிருந்து ஒரேயொரு பதில் இருந்தது.

'3'

இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள்.

"மூண்டு எண்டால் என்ன?" என்றான் றெக்சன்.

"என்னைக் கேட்டால்?"

"மூண்டு வருஷம் பொறுக்கச் சொல்லுறாவோ? இல்லாட்டி மூண்டு ஓலையோ? கோயிலில மூண்டு ஞாயிறு கலியாண ஓலை வாசிப்பினமெல்லோ, அதைச் சொல்லுறாவோ?" அவன் முகம் ஒரு கணம் மலர்ந்து மறுபடி வாடியது. "கை தவறி 2க்குப் பதிலா 3 அமத்தினாவோ?"

"1க்குப் பதிலாயும் அமத்தியிருக்கலாம்."

"1க்கும் 3க்கும் நடுவில 2 கிடக்கு அக்கா."

அதற்கு மேல் ஆராய நேரமில்லை. சம்மாட்டியாரின் கண்ணாடி போன மாதம் கடலில் விழுந்ததிலிருந்து, தனக்கு வரும் மெசேஜைப் பக்கத்தில் நிற்கும் யாரிடமாவது கொடுத்து உரத்து வாசிக்கச் சொல்வது அவர் வழக்கம். இப்போது கரையில் மீன் ஏலம் நடக்கிற நேரம். பக்கத்தில் நிற்பவர்கள் குறைந்தது ஐம்பது பேர்.

"போன் எடுத்து, பிழையாப் போட்டுது எண்டு சொல்லன்," என்றாள் மார்த்தா அக்கா.

"அவரோட கதைக்கிறதோ? நானோ?" றெக்சன் ஏற்கனவே தட்டச்சுப் பலகையில் கைவைத்துவிட்டான். 'முன்னர் அனுப்பிய மெசேஜ் பிழையானது. அதைப் பொருட்படுத்த வேண்டாம்.' அமத்தினான். மூச்சு விட்டான். "முடிஞ்சுது. புதுசு மேல நிக்கும். அதைத்தான் முதல் வாசிப்பினம்."

திரையில் ஒரு வரி வந்து நின்றது. 312 பேருக்கு அனுப்பப்பட்டது.

இலக்கம் கொடுத்தால் அந்த ஒரு ஆளுக்கு அனுப்பு, கொடுக்காவிட்டால் எல்லோருக்கும் அனுப்பு என்று அந்தக் கம்பியூட்டருக்குப் படிப்பித்தவனும் றெக்சன்தான்.

"எல்லாருக்கும் போனால் என்ன தம்பி? மற்றவைக்கு விளங்காதுதானே," என்றாள் மார்த்தா அக்கா.

"மற்றவைக்கு இண்டைக்கு ஒரே ஒரு மெசேஜ்தான் வந்தது அக்கா. காலமை அஞ்சு மணிக்கு. 'கடல் நல்லம், போகலாம்' எண்டு."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, மாதா கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. செத்த வீட்டுக்கு அடிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி அல்ல, விடாமல் அடித்தது. புயல் வருகிறது, கடலில் நிற்பவர்கள் திரும்புங்கள் என்று அர்த்தம். மணி அடிக்கச் சொன்னது வேறு யாருமில்லை, சம்மாட்டி பத்திநாதனேதான்.

றெக்சன் யன்னலால் எட்டிப் பார்த்தான். கடல் கண்ணாடி போல் கிடந்தது. அந்தக் கடலில் நாற்பது வள்ளங்கள், பாதி வலையை அள்ளிப் போட்டுக்கொண்டு, இயந்திரத்தை முழு வேகத்தில் விட்டுக் கரைக்கு வந்துகொண்டிருந்தன.

அவன் போன் அடித்தது. தாவூது நானா.

"மாஷா அல்லாஹ் தம்பி! கடைசியில மனம் வச்சிட்டாய். திங்கக்கிழமை கொழும்பில மெடிக்கல். ஏழு மணிக்கு நிக்கவேணும், வெறும் வயித்தோட வா."

"நானா, அது பிழையாப் போன மெசேஜ்."

"பிழையோ? நான் கொம்பனிக்குப் பேரும் குடுத்து முடிஞ்சுது. உனக்காண்டி இன்னொரு ஆளின்ர பேரை வேற வெட்டிப்போட்டன். இனி வரேலாது எண்டால் ரண்டே ரண்டு காரணத்தைத்தான் அவங்கள் எடுப்பாங்கள். ஒண்டு, ஆள் செத்து மௌத்தாகியிருக்க வேணும். இல்லாட்டி ஆளுக்குக் கலியாணமாயிருக்க வேணும்."

இரண்டையும் றெக்சன் நேர்மையாக ஒப்பிட்டுப் பார்த்தான். இருக்கிற நிலைமையில் முதலாவதுதான் கிட்டவாகத் தெரிந்தது. ஆனாலும் மனிதனுக்கு ஆசை விடாதே. "கலியாணம் நானா," என்றான்.

"அல்ஹம்துலில்லாஹ்! ஆரோட?"

"சம்மாட்டியாரின்ர மகளோட."

"பத்திநாதனின்ர மகளோ? பத்து வருஷமா அவரிட்டைத்தானே நான் கருவாடு எடுக்கிறன், மனிசன் மூச்சுக்காட்டேல்லையே! இரு, இப்பவே எடுத்து ரண்டு கேள்வி கேக்கிறன்."

"வேண்டாம் நானா! நானா! நானா!"

போன் எப்போதோ வைக்கப்பட்டிருந்தது.

"ஒரு வாய் தேத்தண்ணி குடி," என்றாள் மார்த்தா அக்கா. ஆறிப்போன கோப்பையை அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.

அவன் குடிக்கவில்லை. கரையில் முதல் வள்ளம் மணலில் ஏறும் சத்தம் கேட்டது. நாற்பது வள்ளத்துக்காரரும் உள்ளே வருவதற்கு முன்னர் கடலையாவது சரிசெய்துவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. இந்த முறை நிதானமாக எழுதினான். ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை வாசித்தான். அரைப்புள்ளி ஒன்றும் இல்லை என்று உறுதிசெய்தான். எல்லோருக்கும் என்று தெரிந்தே எல்லோருக்கும் அனுப்பினான்.

'காலை மெசேஜ் சரியானது. கடல் நல்லம். தலைவருக்கு அனுப்பிய மெசேஜ் மட்டுமே பிழையானது.'

"எப்படி?" என்றான், கொஞ்சம் பெருமையோடு.

மார்த்தா அக்கா திரையை எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா, தலைவருக்கு என்ன அனுப்பினனீ எண்டு இனி முந்நூத்துப் பன்ரண்டு பேரும் கேப்பினமே?"

றெக்சன் மேசையில் தலையை வைத்துக்கொண்டான்.

அவன் தலையை நிமிர்த்தியபோது வாசலில் சம்மாட்டி பத்திநாதன் நின்றார். அவருக்குப் பின்னால், சாரத்தை மடித்துக் கட்டிய நனைந்த ஆட்கள் முற்றம் கொள்ளாமல் நின்றார்கள். யன்னலிலும் தலைகள் தெரிந்தன.

"கடல் நல்லமோ, கூடாதோ?" என்றார் சம்மாட்டியார். சாதாரணமாகப் பேசினாலே அவர் குரல் அடுத்த மீன்வாடிக் கொட்டிலுக்குக் கேட்கும். இப்போது அவர் சாதாரணமாகப் பேசவில்லை.

"நல்லம் சம்மாட்டியார்."

"அப்ப ஏன் நாப்பது வள்ளம் மணலில கிடக்குது?"

"அது... ஒரு சின்னப் பிழை."

"மணியைக் கேட்டு ஓடி வந்ததில என்ர பெரிய வலையின்ர பாதி அங்க கிடக்கு. தாவூது போன் எடுத்து எனக்கு வாழ்த்துச் சொல்லுறான். எதுக்கடா எண்டு கேட்டால் சிரிக்கிறான். அது முடிய, எனக்கு வந்த மெசேஜ் மட்டும்தான் பிழை எண்டு எல்லாற்ற போனிலயும் வருது. இவ்வளவு பேரும் என்ர போனை வாங்கி வாசிக்கக் கையை நீட்டினவை. நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து றெக்சனின் மேசையில் வைத்தார். "எழுதினவனே வாசிக்கட்டும்."

"சம்மாட்டியார், தனிய..."

"உரத்து வாசி. பின்னுக்கு நிக்கிறவைக்கும் கேக்க வேணும். அவையின்ர தொழிலும்தானே கெட்டது."

தப்ப வழி இல்லை. றெக்சன் எழுந்து நின்று வாசித்தான். தன் வாழ்க்கையில் எழுதியதிலேயே மிக அழகான கடிதம் என்று அவன் நினைத்திருந்தது, கேட்கும்போது மீன்பிடித் திணைக்களத்து அறிவித்தல் மாதிரி இருந்தது.

"'மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு. தங்கள் மகள் செல்வி அகஸ்ரினா என்னைத் திருமணம் செய்யச் சம்மதம் தெரிவித்துள்ளார் என்பதை மகிழ்ச்சியுடன் அறியத் தருகிறேன். வரும் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பெற்றோருடன் வருகை தருவேன். இப்படிக்கு...'" அவன் நிறுத்தினான்.

"இப்படிக்கு?"

"'இப்படிக்கு, சங்கம்.'"

எல்லா மெசேஜின் அடியிலும் அந்தச் சொல்லைக் கம்பியூட்டர் தானாகவே போடும். அதையும் அதற்குப் படிப்பித்தவன் அவன்தான்.

முற்றத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு யன்னலில் தெரிந்த ஒரு நரைத்த தலை, "அப்ப சங்கமோ கட்டப்போகுது?" என்று கேட்டது. "நானும் முப்பது வருஷமா சங்கத்தில அங்கத்தவர்தான்."

நாற்பது வள்ளத்துச் சனமும் சிரித்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. சம்மாட்டியார் மட்டும் சிரிக்கவில்லை.

"என்ர மகளிட்டைக் கேட்டனியோ?"

"கேட்டனான்."

"என்ன சொன்னவள்?"

"மூண்டு எண்டு சொன்னவ."

"என்னது?"

"நான் சொல்லுறன் அப்பா," என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. ஆட்கள் விலகினார்கள். மணிச் சத்தத்தோடு முன்பள்ளியை விட்டுவிட்டு அகஸ்ரினா வந்திருந்தாள். கையில் வழக்கமான சாப்பாட்டுப் பெட்டி. "கலியாணம் கட்டச் சம்மதம் எண்டால் 1, இல்லை எண்டால் 2 எண்டு எனக்கொரு மெசேஜ் வந்தது. இப்படிக்கு, சங்கம் எண்டு கீழ கிடந்தது. முந்நூத்துப் பன்ரண்டு பேரில ஆருக்கு நான் 1 அனுப்புறது? அதுதான் 3 அனுப்பினனான்."

"மூண்டு எண்டால் என்ன?" என்றான் றெக்சன். அவ்வளவு நேரமும் அவனைத் தின்ற கேள்வி அது.

"கேக்கிற ஆள் எழும்பி வந்து வாயால கேக்க வேணும் எண்டு அர்த்தம்."

எல்லோரும் றெக்சனைப் பார்த்தார்கள். கறுப்புத் திரையும் இல்லை, குறிகளும் இல்லை. இது சரிவந்தால் அது, பிழைச்சால் இது என்று முன்கூட்டியே எழுதி வைக்க ஒரு வரியும் இல்லை. சம்மாட்டியாரின் முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது என்று தெரிந்து, அவளை மட்டும் பார்த்தான்.

"அகஸ்ரினா," என்றான். "என்னைக் கட்டுவீங்களோ? ஓம் எண்டால்..." பழக்கத்தில் வாய் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டது. கடித்து நிறுத்தினான்.

"ஓம் எண்டால்?"

"ஓம் எண்டு சொல்லுங்கோ."

"ஓம்," என்றாள் அகஸ்ரினா. தினமும் மத்தியானம் சொல்கிற அதே ஓம்தான். ஆனால் கேட்ட றெக்சனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் அதை மறைக்கவும் இல்லை.

சம்மாட்டியார் மகளைப் பார்த்தார். முற்றத்தைப் பார்த்தார். முற்றம் அவரைப் பார்த்தது.

"இவ்வளவு சனத்துக்கு முன்னால சொல்லிப்போட்டாள். இனி நான் என்னத்தைச் சொல்ல?" என்றார். குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஆனா கட்டாருக்குப் போறவனுக்கு நான் பொம்பிளை குடுக்கமாட்டன்."

"போகேல்லை சம்மாட்டியார்! கோயிலில ஓலை வாசிச்ச துண்டைக் காட்டினால் தாவூது நானா பேரை வெட்டிவிடுவார்."

"அப்ப இந்த ஞாயிறே முதல் ஓலை. சுவாமியாரிட்டை நான் கதைக்கிறன்." வாசலுக்குப் போனவர் திரும்பினார். "ஆனா ஒண்டு. ஓலையைச் சுவாமியார்தான் வாசிக்க வேணும். உன்ர கம்பியூட்டர் அந்தப் பக்கம் வரக்கூடாது."

பிறகு முற்றத்தைப் பார்த்துக் கத்தினார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? அடுத்த மெசேஜ் வரமுன்னம் கடலுக்குப் போங்கோடா!"

கால் மணித்தியாலத்தில் கரை வெறிச்சோடியது. முன்பள்ளியைப் பூட்டாமல் வந்துவிட்டதாகச் சொல்லி அகஸ்ரினாவும் போனாள். போகும்போது வாசலில் நின்று, "சாப்பிட்டாச்சோ?" என்று அவள்தான் கேட்டாள். றெக்சன் "ஓம்" என்றான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட அவன் வாயில் படவில்லை.

ஆறிய தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அவன் மறுபடி அந்த வரியைத் திறந்து பார்த்தபடி இருந்தான். எழுதியதைத் திருத்தாமல் விட அவன் மனம் கேட்காது.

"ஒண்டுதான் எனக்கு விளங்கேல்லை அக்கா. நான் நினைச்ச குறியள் இதில கிடந்திருந்தால், 3 எண்ட பதிலைப் பிழை எண்டுதான் இது எடுத்திருக்கும். சம்மாட்டியாருக்கு ஒரு சொல்லும் போயிராது. நேர கட்டார்தான். அகஸ்ரினா என்ன நினைச்சவ எண்டு எனக்குக் கடைசிவரைக்கும் தெரிஞ்சிராது." திரையில் இரண்டு அரைப்புள்ளிகளையும் விரலால் தொட்டுக் காட்டினான். "கை தவறினதாலதான் தப்பினனான். ஆனா மூண்டு மாசமா ஒவ்வொரு நாளும் இதைத் திறந்து திறந்து பாத்தனான். ஒரு இடத்தில தவறலாம். ரண்டு இடத்திலயும் எப்படி அக்கா அரைப்புள்ளி விழும்?"

மார்த்தா அக்கா ஈரத்துணியை எடுத்து வந்து, தட்டச்சுப் பலகையை ஒரு ஓரத்திலிருந்து துடைக்கத் தொடங்கினாள்.

"முதலாவது அரைப்புள்ளிதான் தம்பி, காம்பில படிச்சதை வச்சு நேற்று நான் என்ர யோசனையில போட்டது," என்றாள். "ரண்டாவதை அகஸ்ரினா போடச் சொன்னவள், 'கட்டாருக்கும் போகட்டும் அக்கா, பயந்தால்தான் உந்த மனிசன் வாயைத் திறக்கும்' எண்டு."